நீளும் துண்டுகளால் ஓர் உருமாறும் கிரேன்

குச்சித் துண்டுகளைக் கோத்து உருவம் கட்டி, அதைப் படம் படமாக அசைக்கும் ஸ்டிக் அனிமேஷனில் உருமாறும் ரோபோ செய்ய எளிய வழி ஒன்று உண்டு. லாரியைத் தனி உருவமாகவும் ரோபோவைத் தனி உருவமாகவும் கட்டிக்கொண்டு, நடுவில் கொஞ்சம் புகை போட்டு, புகை கலைவதற்குள் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிடலாம். அவசரத்துக்கு அது போதும். ஆனால் பார்ப்பவர் காத்திருப்பதே அந்த நடுப்பகுதிக்காகத்தான். கதவு எங்கே போனது, சக்கரம் எப்படித் தோளானது என்று பார்க்க வந்தவருக்குப் புகையைக் காட்டி அனுப்பினால் மனசு ஆறாது.

அதனால் ஒரே உருவம், அதே துண்டுகள், லாரியாகவும் நிற்க வேண்டும், ரோபோவாகவும் நிற்க வேண்டும் என்ற கணக்கில் ஒரு கிரேன் லாரியைக் கட்டினேன். பகலில் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபட வேலை. ராத்திரியில் போனில் இந்த விளையாட்டு. கட்டியபோது கையில் பட்ட விஷயங்களை எழுதிவைக்கிறேன், இதே வழியில் இறங்குகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் மிச்சமாகட்டும்.

முதலில் அடிப்படை. ஸ்டிக் உருவத்தில் எல்லாத் துண்டும் ஒரு மூலப்புள்ளியிலிருந்து கிளை கிளையாகப் பிரிகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தாய்த் துண்டு இருக்கிறது. தாயின் நுனியில்தான் பிள்ளை தொடங்கும். தாயைச் சுழற்றினால் பிள்ளைகளும் சேர்ந்து சுழலும். பீட்டர் போன் எழுதி இலவசமாக வெளியிட்ட பிவட் அனிமேட்டர் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அதன் பழைய 2.2 பதிப்பில் ஆரஞ்சுப் புள்ளியைப் பிடித்தால் முழு உருவமும் நகரும், சிவப்புப் புள்ளியைப் பிடித்தால் அந்தத் துண்டு சுழலும். நீளம் மட்டும் மாறாது. மாற்ற வேண்டுமென்றால் உருவத்தைக் கட்டும் திரைக்குக் கொண்டுபோய்த் திருத்தி, வேறு உருவமாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். இன்றைக்குப் போனில் பலர் பயன்படுத்தும் ஸ்டிக் நோட்ஸ் செயலியில் ஒரு புள்ளிக்கு ‘ஸ்ட்ரெச்சி’ என்ற குணத்தைக் கொடுத்துவிட்டால், அனிமேஷன் நடக்கும்போதே அந்தத் துண்டை இழுத்து நீட்டலாம், சுருக்கலாம். உருமாறும் உருவத்துக்கு வாசல் திறப்பது இந்த ஒரு குணம்தான். கெடுப்பதும் இதுதான்.

ஏன் கெடுக்கிறது என்பதை அக்கா மகன் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான். ஒன்பதாவது படிக்கிறான், அவனும் போனில் இதேதான் செய்துகொண்டிருப்பான். அவன் கட்டிய பஸ் ரோபோவில் எல்லாப் புள்ளியையும் நீளும் புள்ளியாக வைத்திருந்தான். பஸ் எழும்பும்போது கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கூரை ஒரு பக்கம் என்று எல்லாமே இழுபட்டுக்கொண்டு வந்தது.

“மாமா, எல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கேன். ஆனா பாத்தா ஜவ்வு மிட்டாய் மாதிரி இருக்கு. ஏன்?”

“இரும்பு எங்கடா நீளும்?” என்றேன்.

“கிரேன் நீளுதே?”

கிரேன் லாரியைக் கட்டலாம் என்று தோன்றியது அந்தப் பதிலில்தான். உருமாறும் உருவத்தில் நீட்டல் இரண்டே இடத்தில் நம்பும்படி இருக்கும். நிஜத்திலேயே நீளக்கூடிய உறுப்பு ஒன்று. கிரேனின் பூம் என்கிற நீளும் கை, ஹைட்ராலிக் சிலிண்டர், பக்கவாட்டில் நீண்டு தரையில் ஊன்றும் தாங்கு கால்கள் இவையெல்லாம் அந்த வகை. மற்றொன்று, நீளுவதே கண்ணுக்குத் தெரியாத இடம். வேறொரு பாகத்துக்குப் பின்னால் ஒளிந்து நீளுவது, அல்லது வேகமாகச் சுழலும்போது கொஞ்சமாகச் சுருங்குவது. இவை தவிர வேறெங்கும் நான் நீட்டுவதில்லை. திறந்த வெளியில், மெதுவாக, சும்மா நீளும் துண்டு ரப்பராகத்தான் தெரியும்.

பொம்மை செய்தவர்களிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைக் கொண்டுவந்தபோது, ஜப்பானின் தகாரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோமேன் வரிசைகளில் ஏற்கெனவே செய்துவந்த பொம்மைகளைத்தான் எடுத்துப் பெயர் மாற்றியது. அந்த டயாக்ளோனில் வேலை செய்தவர்களில் ஒருவர் ஷோஜி கவாமோரி. 1982இல் ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடருக்காக இவர் வடிவமைத்த வால்கிரி போர் விமானம், இந்தத் துறையில் இன்றுவரை பாடமாகப் பார்க்கப்படுகிறது. விமானத்தின் இரண்டு எஞ்சின் கூடுகளும் அப்படியே ரோபோவின் கால்களாகின்றன. கைகள் விமானத்தின் வயிற்றுப் பக்கம், அந்த எஞ்சின்களுக்கு நடுவே மடங்கிக் கிடக்கின்றன. லெகோ கட்டைகளில் கட்டிப் பார்த்து மடிப்பைச் சரிபார்ப்பது இவர் வழக்கம். பிளாஸ்டிக்கை நீட்ட முடியாது என்பதால் அவர்கள் இடம் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. நமக்கு நீட்ட முடிகிறது என்பதால் நாம் இடம் தேடுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். வால்கிரியைப் பார்த்து நான் எடுத்துக்கொண்டது, விமானத்தில் எது கனமாகத் தெரிகிறதோ அதுவே ரோபோவிலும் கனமான உறுப்பாக வர வேண்டும் என்பது. மெல்லிய பாகத்தை நீட்டித் தொடையாக்கினால் எப்படி வரைந்தாலும் பொய்யாகத் தெரியும்.

அதனால் ரோபோவிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். பெரும்பாலானவர்கள் தங்களுக்குப் பிடித்த ரோபோவை முதலில் கட்டிவிட்டு, அப்புறம் அதை எப்படி வண்டியாக மடக்கலாம் என்று முழிக்கிறார்கள். வண்டிக்கு ஊரறிந்த வடிவம் உண்டு, கொஞ்சம் மாறினாலும் கண் கண்டுபிடித்துவிடும். ரோபோ எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. வளைந்துகொடுக்கக்கூடியது ரோபோதான், அதனால் அது இரண்டாவதாக வரட்டும்.

கிரேன் லாரியைப் பக்கவாட்டில் பார்த்தால் முன்னால் கேபின், நடுவில் சுழல் மேடை, மேடையின் மேல் பூம், பூமுக்குப் பின்னால் எதிர் எடை, கீழே நீளமாகச் சேஸ் என்கிற அடிச்சட்டம், பின்பக்கம் சக்கரங்கள், தாங்கு கால்கள். பேப்பரில் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்ததும் வழி தெரிந்துவிட்டது. லாரி பின்பக்கமாக எழுந்து நிற்க வேண்டும். மேடைக்குப் பின்னாலுள்ள சேஸ் கால்கள், மேடை இடுப்பு, முன்பகுதி மார்பு. தாங்கு கால்கள் பாதங்கள். எதிர் எடை ஒரு தோளும் குட்டைக் கையும். பூம் மற்றொரு கை. பின் சேஸை இரண்டு துண்டாக, ஒன்றின் மேல் ஒன்றாக அச்சு மாறாமல் வைத்தேன். பக்கவாட்டுப் பார்வையில் ஒரே சேஸாகத் தெரியும், ரோபோவானதும் இரண்டு காலாகப் பிரியும். இதற்கு நீட்டலே தேவைப்படவில்லை.

மூலப்புள்ளியை எங்கே வைப்பது என்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை: சுழல் மேடை. இரண்டு வடிவத்திலும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். மூலப்புள்ளி கேபினில் இருந்தால் ரோபோவின் காலைத் தொடும் ஒவ்வொரு முறையும் நீண்ட சங்கிலியைச் சரிசெய்ய வேண்டிவரும்.

இனி பூம். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒன்றுக்குள் ஒன்று செருகிய மூன்று பாகங்கள் வெளியே வர வேண்டும். இயல்பாகத் தோன்றும் வழி, முதல் பாகத்தின் நுனியில் இரண்டாவது, அதன் நுனியில் மூன்றாவது என்று சங்கிலியாகக் கோப்பது. இப்படிக் கோத்தால் சுருங்கிய நிலையில் இரண்டாவதும் மூன்றாவதும் நுனியில் புள்ளியாக ஒடுங்கி நிற்கும். நீட்டும்போது நுனியிலிருந்து செடி முளைப்பதுபோல் வளருமே தவிர, உள்ளேயிருந்து வெளியே வருவதாகத் தெரியாது. சுருக்காமல் 180 டிகிரி மடக்கி முதல் பாகத்தின் மேல் படுக்க வைத்தாலோ, விரியும்போது கத்திபோல் சுழன்று வெளியே வரும். பூம் அப்படி விரியாது.

சரியான வழி, மூன்றையும் உடன்பிறப்புகளாக வைப்பது. மூன்றுமே ஒரே அடிப்புள்ளியில் தொடங்க வேண்டும். வெளிப்பாகம் 120 நீளம், 22 தடிமன், நீளாதது. நடுப்பாகம் 110 நீளம், 17 தடிமன், நீளும். உள்பாகம் 100 நீளம், 12 தடிமன், நீளும். வரைதல் வரிசையில் உள்பாகம் அடியில், அதன் மேல் நடுப்பாகம், எல்லாவற்றுக்கும் மேல் வெளிப்பாகம். சுருங்கிய நிலையில் மூன்றும் ஒன்றின் அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். நடுப்பாகத்தை 215க்கும் உள்பாகத்தை 300க்கும் நீட்டினால், இரண்டும் வெளிப்பாகத்தின் வாயிலிருந்து சறுக்கிக்கொண்டு வருவதுபோல் அச்சாக இருக்கும். உண்மையில் அவற்றின் பின்முனை அடியிலேயேதான் இருக்கிறது, ஆனால் மேலே மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இதில் ஒரு கூடுதல் லாபம், எவ்வளவு நீட்டினாலும் நடுவில் இடைவெளி விழாது.

இரண்டு சிக்கல் மட்டும் மிச்சம். ஒன்று, மூன்றும் உடன்பிறப்புகள் என்பதால் ஒன்றைச் சுழற்றினால் மற்றவை கூடவே சுழலாது. அதற்கு 2 அலகு நீளத்தில் ஒரு குட்டித் துண்டு வைத்து, மூன்றையும் அதன் பிள்ளைகளாக்கினேன். இனிக் குட்டித் துண்டைத் திருப்பினால் பூம் மொத்தமும் திரும்பும். நீட்டும்போது கோணம் பிசகாமல் இருக்க உங்கள் செயலியில் கோணத்தைப் பூட்டும் வசதி இருந்தால் அவசியம் பயன்படுத்துங்கள். விரலால் இழுக்கும்போது ஒரு டிகிரி விலகினால் 300 அலகு தள்ளி நுனி 5 அலகு விலகி நிற்கும், உள்பாகம் ஒரு பக்கமாகப் பிதுங்கும்.

இரண்டாவது சிக்கல், ஒரே நிறத்தில் தட்டையான துண்டு நீளும்போது அது சறுக்குகிறதா, வளர்கிறதா என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. நடுப்பாகத்தின் நுனியிலும் உள்பாகத்தின் நுனியிலும் குறுக்காக ஒரு சின்ன வளையத் துண்டு வைத்தேன். நுனியோடு சேர்ந்து அது நகர்வதால் கண் அதைப் பிடித்துக்கொண்டு, ‘ஆமாம், வெளியே வருகிறது’ என்று நம்பிவிடுகிறது. பாகத்தின் நடு உடம்பில் கோடு கோடாகப் போட்டு அலங்கரித்தால் இந்த ஏமாற்று உடைந்துவிடும். அந்தக் கோடுகள் வேறு துண்டில் தொங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்கும். அலங்காரம் எதுவானாலும் நுனியில் தொங்கட்டும்.

நிஜக் கிரேன்களில் சிலவற்றில் பாகங்கள் ஒவ்வொன்றாக நீளும், சிலவற்றில் எல்லாம் சேர்ந்து நீளும். திரையில் ஒவ்வொன்றாக வருவதுதான் நன்றாக இருக்கிறது. மேம்பால வேலை நடக்கும் இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தால் போதும், எந்த வீடியோவும் இவ்வளவு சொல்லிக்கொடுக்காது.

ஹைட்ராலிக் சிலிண்டருக்கும் இதே கட்டுமானம்தான். தடித்த உறை மேலே, வெள்ளிநிற மெல்லிய தண்டு அடியில், இரண்டும் ஒரே அடிப்புள்ளி.

பூம் லாரியில் இருக்கும்போது அதன் அடி, மேடையில், அதாவது ரோபோவின் இடுப்பில் இருக்கிறது. ஆனால் கை தோளிலிருந்துதானே வர வேண்டும்? சொன்னேனே, அந்த 2 அலகுக் குட்டித் துண்டு, அதையே நீளும் துண்டாக்கிவிட்டேன். ரோபோ நிமிரும்போது அது மார்புக்குப் பின்னால் 2லிருந்து 80க்கு நீள்கிறது. பூமின் அடியைத் தூக்கிக்கொண்டு போய்த் தோளில் வைத்துவிடுகிறது. மார்பின் அகலம் அதை முழுக்க மறைக்கிறது. இந்த மாதிரிச் சுமக்கும் துண்டுகள்தான் உருமாறும் உருவத்தின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். பார்ப்பவர் அவற்றைப் பார்ப்பதே இல்லை, ஆனால் ஒரு பாகம் இருந்த இடத்தைவிட்டு இன்னோர் இடத்துக்குப் போவதற்கு வேறு வழியும் இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை: எந்தத் துண்டையும் பூஜ்யம் வரை சுருக்காதீர்கள். இரண்டு புள்ளி ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டால் விரலுக்கு எது அகப்படும் என்று சொல்ல முடியாது. நீளமே இல்லாத துண்டுக்கு எந்தத் திசை என்பதும் குழப்பம்தான். 1 அல்லது 2 மிச்சம் வையுங்கள்.

வட்டத் துண்டுகளைப் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வட்டத்தின் விட்டம்தான் அந்தத் துண்டின் நீளம். ஆகவே நீளும் வட்டம் என்றால் பெரிதாகும், சிறிதாகும் வட்டம். ரோபோவின் தலையைக் கேபினுக்குப் பின்னால் 2 அலகு வட்டமாக ஒளித்துவைத்து, கடைசியில் 28க்குப் பெரிதாக்கினேன். கழுத்துத் துண்டும் அதே நேரத்தில் நீண்டு மேலே தள்ளும். இரண்டும் சேர்ந்து மூன்றே ஃபிரேமில் நடப்பதால் தலை உள்ளேயிருந்து எழுந்ததாகத் தெரியுமே தவிர, ஊதிப் பெருத்ததாகத் தெரியாது. சக்கரங்களை மட்டும் சுருக்கவில்லை. முன் சக்கரம் தோளிலும் பின் சக்கரம் கெண்டைக்காலிலும் அப்படியே இருக்கின்றன. இது ஒரு காலத்தில் லாரி என்று ரோபோ நிற்கும்போதும் சொல்லிக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும் அல்லவா.

வரைதல் வரிசையை உருவம் கட்டும்போதே தீர்மானித்துவிட வேண்டும். லாரியில் முன்னால் தெரிகிற பாகம் ரோபோவில் பின்னால் போக வேண்டியிருந்தால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். எதிர் எடைக்கு எனக்கு இந்த நிலை வந்தது. லாரியில் அது சேஸுக்கு மேலே தெரிய வேண்டும், ரோபோவில் மார்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதே பாகத்தை இரண்டு பிரதியாகக் கட்டி, ஒன்றை வரிசையில் மேலேயும் ஒன்றை அடியிலும் வைத்தேன். முதலில் மேல் பிரதி முழு அளவு, அடிப் பிரதி 2 அலகு. உடம்பு திரும்பும் வேகத்தில், ஒரே ஃபிரேமில், மேலது சுருங்கி அடியிலுள்ளது விரிகிறது. அந்த நேரத்தில் கண் பூமைப் பார்த்துக்கொண்டிருக்கும். மந்திரவாதிகள் இதைத்தான் செய்கிறார்கள், கொஞ்சம் கூச்சமில்லாமல் செய்ய வேண்டும்.

கால் தரையில் ஊன்றுவதற்கு வருவோம். கணக்குத் தேவைப்படும் ஒரே இடம் இதுதான், பயப்பட வேண்டாம்.

லாரியில் மேடை தரையிலிருந்து 40 அலகு உயரத்தில் இருக்கிறது. கால் நீளம் 160. ரோபோ நிமிர்ந்து நிற்கும்போது மேடை, அதாவது இடுப்பு, 160 உயரத்தில் இருக்க வேண்டும். கால் படுக்கைவாட்டிலிருந்து 90 டிகிரி சுழன்று செங்குத்தாக வேண்டும். முதல் ஃபிரேம், கடைசி ஃபிரேம் இரண்டை மட்டும் வைத்துவிட்டு நடுவிலுள்ளதைச் செயலியே நிரப்பும் ட்வீனிங்கிடம் விட்டால் இடுப்பு ஒரே சீராக ஏறும், கோணமும் ஒரே சீராகக் கூடும். ஆனால் கால் கீழே இறங்கும் அளவு ஒரே சீராகக் கூடாது. கால் 60 டிகிரியில் இருக்கும்போது இடுப்பு 120 உயரத்தில் இருக்கும், பாதமோ இடுப்புக்கு 139 அலகு கீழே இருக்கும். அதாவது பாதம் 19 அலகு தரைக்குள் புதைந்துவிடும். அடுத்த சில ஃபிரேமில் தானாக வெளியே வந்தும் விடும். இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘ஏதோ மிதக்கிறது, கனமே இல்லை’ என்கிறார்கள்.

இதற்கு இரண்டு மருந்து. 60 டிகிரியில் ஒரு ஃபிரேம் வைத்து இடுப்பை 139க்கு உயர்த்தலாம். அல்லது இடுப்பை 120இலேயே விட்டுவிட்டு காலை 139க்குச் சுருக்கலாம். (இரண்டுக்கும் ஒரே எண் வந்தது இந்த அளவுகளால் நேர்ந்த தற்செயல்.) நான் காலைச் சுருக்கினேன், ஏனென்றால் இடுப்பு ஏறும் வேகம் சீராக இருந்தால்தான் பெரிய வண்டி எழும்புகிற கனம் தெரிகிறது. சுழன்றுகொண்டிருக்கும் கால் எட்டில் ஒரு பங்கு குட்டையாவதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, என் அக்கா மகன் உள்பட. இதற்குப் பிறகும் இடையில் 4, 5 அலகுப் பிசகு மிஞ்சும், அது பாதத்தின் தடிமனில் மறைந்துவிடும். பாதம் ஊன்றிய பிறகு இடுப்பு மேலே ஏறினால் மட்டும் போதாது, பாதத்துக்கு நேராக வரும்வரை பின்னோக்கியும் நகர வேண்டும். இல்லையென்றால் ஊன்றிய கால் தரையில் வழுக்கும். தரையில் பாதம் படும் இடத்தில் ஒரு தனிப் புள்ளியை அடையாளமாக வைத்துக்கொண்டு ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பாருங்கள், வேலை முடிந்ததும் அதை அழித்துவிடலாம்.

ட்வீனிங்கில் இன்னொரு விஷயம். ஒரு துண்டு கிட்டத்தட்ட 180 டிகிரி திரும்ப வேண்டுமென்றால் அது எந்தப் பக்கமாகச் சுற்றிவரும் என்பதைச் செயலியின் விருப்பத்துக்கு விடாதீர்கள். நடுவில் ஒரு ஃபிரேம் வைத்து வழியைக் காட்டிவிடுங்கள். குட்டைக் கை ஒரு தடவை கேபினைக் கிழித்துக்கொண்டு தலைக்கு மேலே சுற்றி வந்தது, பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

நேரப் பங்கீட்டுக்கு வினாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், முழு உருமாற்றத்துக்கும் 48 ஃபிரேம் எனக்குப் போதுமானதாக இருந்தது. முதலில் தாங்கு கால்கள் நீண்டு பின்னால் ஊன்றுகின்றன, 8 ஃபிரேம். பிறகு 3 ஃபிரேம் ஒன்றுமே நடக்காது. அந்த நிறுத்தம் ரொம்ப முக்கியம், எடை இறங்குவது அதில்தான் தெரிகிறது. அப்புறம் எழும்புவதற்கு 16 ஃபிரேம். அது முடிவதற்குள்ளேயே சுமக்கும் துண்டு நீளத் தொடங்கிவிட வேண்டும். எல்லாப் பாகமும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிந்தால் அது உருமாற்றமாகத் தெரியாது, ஒரு படம் இன்னொரு படமாகக் கரைவதுபோல்தான் இருக்கும். எழுந்து முடித்த பிறகு பூம் ஒவ்வொரு பாகமாக வெளியே வந்து, முழு நீளத்தையும் தாண்டி 6 அலகு கூடுதலாகப் போய், திரும்பி வந்து நிற்கிறது. கடைசியில் தலை. மூளை கடைசியில் வருவதில் ஒரு நியாயமும் இருக்கிறது, வண்டி எழுந்த பிறகுதானே அது யோசிக்க வேண்டும்.

போனில் செய்கிறவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். எந்தப் புள்ளி நீள வேண்டுமோ அதற்கு மட்டும் நீளும் குணத்தைக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால், கையைச் சுழற்றப் போகும் விரல் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு அலகு இழுத்துவிடும். முப்பது நாற்பது ஃபிரேம் கழித்து முழங்கை எங்கேயோ போயிருக்கும், எங்கே தொடங்கியது என்றும் தெரியாது. அசையவே தேவையில்லாத ஜன்னல், பம்பர், வளையம் போன்றவற்றைத் தொட முடியாதபடி பூட்டிவைத்தால் திரையில் புள்ளிகளின் நெரிசல் பாதியாகக் குறையும். லாரி நிலையையும் ரோபோ நிலையையும் இரண்டு தனிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள், பெயரிலேயே எது எது என்று தெரியட்டும். அளவுகளை ஒரு பேப்பரில் எழுதிப் போனுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எங்கள் வரைபட மேசையில் அளவு போடாத கோட்டுக்கு மதிப்பில்லை என்பார்கள், இங்கேயும் அதேதான்.

வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும்போது நான் செய்யும் சோதனை, உருவத்தின் ஒரு பிரதியை எடுத்து எல்லாத் துண்டையும் கறுப்பாக்கி, வெள்ளைப் பின்னணியில் ஓடவிடுவது. நிறமும் கோடும் போன பிறகு வெறும் நிழலுருவம்தான் மிஞ்சும். எந்த ஃபிரேமில் அது லாரியாகவும் இல்லாமல் ரோபோவாகவும் இல்லாமல் வெறும் குவியலாகத் தெரிகிறதோ, அந்த இடத்தில் பாகங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு வீணாகின்றன என்று அர்த்தம். அங்கே ஏதாவது ஒன்றை வெளியே தள்ள வேண்டும். கிரேனில் அது எழும்பும் நேரத்தின் நடுப்பகுதியில் வந்தது. பூமை ஓர் 8 டிகிரி மேலே தூக்கிவிட்டேன், வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைக் கோடே இது கிரேன்தான் என்று சொல்லிவிட்டது.

அக்கா மகன் இப்போது அவனுடைய பஸ்ஸைப் பிரித்துப்போட்டிருக்கிறான். பஸ்ஸில் நிஜமாகவே நீளக்கூடியது எது என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “கதவு, மாமா. மடிஞ்சு மடிஞ்சு திறக்கும்ல” என்றான். மடிப்புக் கதவு நீளாது, ஆனால் மடியும், அதை வைத்தே இரண்டு கையும் செய்துவிடலாம். ஜன்னல் கம்பிகளை என்ன செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.